ஒரு படி அரிசி எத்தனை கிராம்

1967-ஆம் வருஷம் புரட்டாசி ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை, 'ஒரு படி அரிசி = 1 கிலோ 400 கிராம்' என்று என் கைப்பட எழுதினேன். அது தவறு என்று எனக்குத் தெரிய மூன்று வாரமும் இரண்டு நாளும் ஆயின. அத்தனை நாளும் ஒரு சமையல்கார அம்மாவை அரிசி திருடுகிறவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் மட்டும் நினைத்திருந்தால் பரவாயில்லை. அதை இன்னொருவரிடம் சொல்லியும் விட்டேன்.

அப்போது திருவள்ளூருக்கு மேற்கே ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்தேன். வேப்பம்பட்டிலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் போய் வருவேன். அங்கே முந்நூறு பேருக்கு மதியச் சோறு போட ஒரு கேண்டீன் இருந்தது. சமைக்கிறவர் திருவாலங்காட்டுப் பக்கத்து அம்மா ஒருவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இல்லை. கல்யாணமாகாத மகள் ஒருத்தி கேண்டீனிலேயே பாத்திரம் துலக்கினாள். முகூர்த்த நாட்களில் சுற்று வட்டாரக் கல்யாணங்களுக்கும் இந்த அம்மாதான் சமையல்.

அரிசித் தட்டுப்பாடு இருந்த காலம் அது. மூட்டையைத் திறந்தால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். சோறு வடித்த பிறகு பானையைச் சுரண்டும் சத்தத்தைக்கூடக் கவனிப்பார்கள். ரயிலில் பையோடு ஏறுகிற பெண்களின் பையை, அது வெறும் பையாக இருந்தாலும், ஒரு பார்வை பார்க்காமல் யாரும் உட்கார மாட்டார்கள். நானும் பார்த்தேன்.

அரிசி எங்கள் ஸ்டோருக்கு கிலோ கணக்கில் வரும். சமையல்கார அம்மா படிக் கணக்கில் கேட்பார். "முப்பது படி அரிசி, நாலு படி பருப்பு" என்பார். அவரே படியைக் கொண்டுவந்து அளந்து எடுத்துக்கொண்டு போவார். மாதக் கடைசியில் எத்தனை கிலோ போயிற்று என்று நான் எழுத வேண்டும். குத்துமதிப்பாக எழுதிக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. சென்னையிலிருந்து வந்தவர், பேனாவை மூடாமலே பேசுகிறவர்.

"ஊரெல்லாம் கிலோவுக்கு மாறி எத்தனை வருஷம் ஆச்சு? இன்னும் படியா? ஒரு படி இத்தனை கிராம்னு ஒரே வரியில எழுதிக் குடுங்க. இனிமே எடை போட்டுத்தான் ஸ்டோர்லேர்ந்து அரிசி வெளிய போகணும்" என்றார்.

"ஒரே வரியில் எழுத முடியாது சார். படி ஒன்றுதான், ஆனால் ஒரு படி அரிசியின் எடை வேறு, ஒரு படி மிளகாயின் எடை வேறு" என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். இந்த ஆள் வேலையைத் தள்ளிப்போடப் பார்க்கிறான் என்பது அந்தப் பார்வை.

எனக்கு இந்த வேலை உள்ளூரப் பிடித்திருந்தது. திருவள்ளூர் நூலகத்தில் கல்வெட்டுகளைப் பற்றிய புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்த காலம். ஒவ்வொரு கோயிலுக்கும் தனித்தனியாகப் பெயர் சூட்டிய மரக்கால் இருந்திருக்கிறது, நெல் எந்த மரக்காலால் அளக்கப்பட வேண்டும் என்பதைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள் என்றெல்லாம் படித்து வியந்திருந்தேன். இப்போது நானே ஓர் அளவை நிர்ணயம் செய்யப் போகிறேன் என்று ஒரு கர்வம்.

அந்த வெள்ளிக்கிழமை காலை நோட்டும் பென்சிலுமாக ஸ்டோரில் உட்கார்ந்தேன். எதிரே மேடைத் தராசு. சமையல்கார அம்மாவைப் படியோடு வரச் சொன்னேன்.

"இன்னாத்துக்கு ஸார் இதெல்லாம்?" என்றார் அவர். "நான் அளந்துதானே எடுத்துக்கினு போறேன்? எதுனா கொறையுதா?"

"ஒன்றும் இல்லையம்மா. வழக்கமாக அளக்கிற மாதிரி அளங்கள். நான் எடை போட்டு எழுதிக்கொள்கிறேன்."

"மேனேஜரு சொன்னாரா?"

"ஆமாம்."

அவர் கொஞ்ச நேரம் தராசைப் பார்த்தார். பிறகு நோட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து படியை மூட்டைக்குள் விட்டு, நிரப்பி, உள்ளங்கையால் மேலே ஒரு வழி வழித்து, விளிம்புக்குச் சமமாக்கித் தராசில் கொட்டினார். "லாபம்" என்றார். எங்கள் பக்கத்தில் முதல் படியை ஒன்று என்று எண்ண மாட்டார்கள், லாபம் என்பார்கள். அடுத்தது ரெண்டு, மூணு. பத்துப் படி அளக்கச் சொன்னேன். பத்தும் தலை தட்டி, ஒரு மணி கூடாமல் குறையாமல். பதினாலு கிலோ. பத்தால் வகுத்தேன். ஆயிரத்து நானூறு.

இன்னொரு காரணத்தாலும் எனக்கு அந்த எண்ணில் நம்பிக்கை வந்தது. ஒரு படி அரிசி ஒரு வீசை என்பது எங்கள் வட்டாரத்தில் பொதுவான பேச்சு. பழைய வீசையை கிராமாக மாற்றினால் அதுவும் ஆயிரத்து நானூறுதான். கணக்கு இரண்டு பக்கமிருந்தும் வந்து ஒரே இடத்தில் நின்றது. அதற்கு மேல் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? துவரம் பருப்பு, உளுந்து, உப்பு, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் அன்று மதியத்துக்குள் முடித்து, பட்டியலை நல்ல கையெழுத்தில் எழுதி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி ஸ்டோர் கதவில் ஒட்டினேன்.

திங்கட்கிழமை முதல் எடை போட்டுக் கொடுத்தேன். முப்பது படிக்கு நாற்பத்திரண்டு கிலோ.

அன்றே மதியம் சோறு பற்றவில்லை. கடைசிப் பந்தியில் முப்பது பேர் தட்டோடு நின்றார்கள். அந்த அம்மா அவசரமாகக் கேழ்வரகு மாவைக் கரைத்துக் கூழ் காய்ச்சி ஊற்றினார். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. முதல் நாள்தானே என்று விட்டார்கள். செவ்வாயும் அதே. புதனும் அதே. அதே முப்பது பேர், ஏறக்குறைய.

தொழிற்சாலையில் ஒரு ஃபிட்டர் இருந்தார். ஆந்திர எல்லைப் பக்கத்து ஊர்க்காரர். யாரைப் பார்த்தாலும் நைனா என்பார், யாரையும் கிண்டல் செய்யாமல் விட மாட்டார். வியாழக்கிழமை தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றபடி உரக்கக் கேட்டார்:

"யக்கா! அளக்கும்போது லாபம், ரெண்டு, மூணுன்னு எண்ணுவியே. அந்த லாபம் யார் ஊட்டுக்கு போவுது?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அந்த அம்மா கரண்டியை நிறுத்தவில்லை. "உன் ஊட்டுக்குத்தான் நைனா. உன் பொண்டாட்டியக் கேளு, நேத்து வந்து வாங்கிக்கினு போனா" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. ஆனால் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மகள் சிரிக்கவில்லை.

அன்று இரண்டு மணிக்கு அந்த அம்மா ஸ்டோருக்கு வந்தார்.

"ஸார், நீ குடுக்கற அரிசி பத்தல."

"முப்பது படிக்கு உண்டானது கொடுத்துவிட்டேனே அம்மா."

"முப்பது படி இல்ல அது."

"நீங்கள் அளந்ததுதான். உங்கள் கையால் அளந்ததை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்."

அவர் வாயைத் திறந்து, மூடினார். நான் அதைக் கவனித்தேன். ஏதோ சொல்ல வந்து விழுங்குகிறார் என்று தெரிந்தது. அதைக் குற்ற உணர்வு என்று எடுத்துக்கொண்டேன். அன்றைய நாட்குறிப்பில் 'கண்ணைப் பார்த்துப் பேசவில்லை' என்று எழுதியிருக்கிறேன். இப்போது படித்தால் எனக்கே கூசுகிறது.

அதன் பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன். எத்தனை மணிக்கு உலை வைக்கிறார், மகள் எந்த வழியாக வெளியே போகிறாள், இடுப்பில் என்ன செருகியிருக்கிறது. சாயங்காலம் திருவாலங்காட்டு வண்டிக்கு அவர்கள் ஸ்டேஷனில் நிற்கும்போது எதிர்ப் பிளாட்பாரத்திலிருந்து அவர்கள் பையைப் பார்ப்பேன். ஒரு நாள் பை கனமாகத் தொங்கியது. அருகே போய்ப் பேச்சுக் கொடுத்தேன். வாழைப்பூ. அதற்குக் கீழே வேறு ஏதாவது இருக்கலாம் என்று நினைத்தேன்.

ஆயுத பூஜை வந்தது. லேத்துக்கும் டிரில்லுக்கும் எல்லோரும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். அந்த அம்மா தன் படிக்கு வைத்தார். அந்த வாரம் வெள்ளிக்கிழமை, சமையல்கட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து உள்ளே போனேன். அடுப்புக்குப் பின்னால் மாடத்தில் அந்தப் படி இருந்தது. மேலே துணி போட்டு மூடியிருந்தது. துணியை விலக்கினேன். உள்ளே அரிசி. இரண்டு கைப்பிடி இருக்கும்.

படியை வெறுமையாக வைக்க மாட்டார்கள், அடியில் கொஞ்சம் அரிசியாவது போட்டு வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. என் அம்மா வைத்திருக்கிறாள், என் மனைவி வைத்திருக்கிறாள். குங்குமம்கூட இன்னும் அழியாமல் இருந்தது. ஆனாலும் நான் நேராக மேனேஜரிடம் போய், "சமையல்கட்டில் மூடி வைத்த அரிசி இருக்கிறது சார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நானும் அதான் நினைச்சேன். திங்கக்கிழமையோட நிறுத்திடலாம். அம்மா, பொண்ணு ரெண்டு பேரையும்" என்றார்.

திருட்டுப் பழியோடு கேண்டீனை விட்டுப் போனால் அந்த அம்மாவைக் கல்யாண வீட்டுச் சமையலுக்கும் யாரும் கூப்பிட மாட்டார்கள். பொதட்டூர்பேட்டை வரைக்கும் செய்தி போய்விடும். மகளைப் பெண் கேட்டு வருகிறவர்களும் அதையே கேட்பார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், சரியான கடமையைச் செய்தவன் மாதிரி ரயிலேறினேன்.

ஆனால் கணக்கில் ஒரு முள் இருந்தது. ஒரு நாளைக்கு முப்பது பேர் சோறு என்றால் நாலரை, ஐந்து கிலோ அரிசி. மாடத்தில் இருந்ததோ இரண்டு கைப்பிடி. மீதி எங்கே? மூட்டை மாறியிருக்குமோ, இப்போது வருகிற அரிசி எடை கூடுதலோ என்று ஒரு யோசனை. ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்துக் கடையிலிருந்து கைத்தராசை இரவல் வாங்கி வந்தேன். என் மனைவியைக் கூப்பிட்டு எட்டு ஆழாக்கு அரிசி அளக்கச் சொன்னேன். எட்டு ஆழாக்கு ஒரு படி.

"லீவு நாள்ல இன்னாங்க இது?" என்றாள். நான் நோட்டைப் பிரித்தேன். அவள் முகம் மாறிவிட்டது. ஒவ்வொரு ஆழாக்கையும் கையால் வழித்து வழித்து அளந்தாள். ஏறக்குறைய ஆயிரத்து நானூறு. என் பட்டியல் சரி. அந்த அம்மா திருடுகிறவர்தான். எனக்கு ஒரு திருப்தி கூட வந்தது, அதையும் எழுதிவிட வேண்டும்.

கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தேன். சமையலறை வாசலில் நின்று தலையைத் துவட்டும்போது, அவள் மதியத்துக்கு அரிசி அளந்துகொண்டிருந்தாள். அதே ஆழாக்கு. ஆனால் அரிசி விளிம்புக்கு மேலே கோபுரமாக எழும்பி, நாலு பக்கமும் சரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. வழிக்கவே இல்லை. அப்படியே முறத்தில் கொட்டினாள்.

"இப்படியா அளப்பாய்?"

"பின்ன எப்படி?"

"காலையில் தலை தட்டி அளந்தாயே?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "நோட்டும் பென்சிலுமா எதிர்ல குந்திக்கினா எந்தப் பொம்பள கைதான் குவிச்சி அளக்கும்? 'இவ்ளோ அள்ளுறாளா'ன்னு நெனச்சிக்குவீங்கன்னுதான் தட்டி அளந்தேன். உங்க அம்மா எதிர்ல அளந்தாலும் அப்படித்தான்."

ஈரத்தலையோடு தராசை மறுபடி எடுத்தேன். "இப்போது அளந்த மாதிரியே எட்டு ஆழாக்கு அள" என்றேன். அவள் குவித்து அளந்தாள். ஒரு கிலோ ஐந்நூற்று எண்பது. நோட்டில் எழுதுவதற்குக் கை வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சமையல்கார அம்மா தராசைப் பார்த்தது, நோட்டைப் பார்த்தது, பிறகு குனிந்தது எல்லாம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னை அவர் சந்தேகப்பட்டார். அதிகம் அள்ளுகிறார் என்று பழி போட வந்திருக்கிறேன் என்று நினைத்து, வாழ்க்கையில் ஒரு நாளும் அளக்காத மாதிரி அன்று அளந்தார். அதை நான் சட்டமாக்கிக் கதவில் ஒட்டினேன். பிறகு சோறு குறைந்ததும், 'அன்று பொய்யாக அளந்தேன்' என்று எந்த வாயால் சொல்வார்?

திங்கட்கிழமை முதல் வண்டியில் போய் மேனேஜருக்காகக் காத்திருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடினார். அது நல்ல அறிகுறி இல்லை.

"வெள்ளிக்கிழமை அரிசி ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு சொன்னீங்க. இன்னிக்கு நான் கையெழுத்துப் போட்ட டேபிள்தான் தப்புங்கறீங்க. நீங்க எந்த ஊர்?"

"வேப்பம்பட்டு சார்."

"அவங்க?"

"திருவாலங்காடு."

"ஒரே ரயில் லைன்" என்றார்.

நானும் கூட்டு என்கிறார். அந்த ஒரு நிமிஷத்தில், மூன்று வாரமாக அந்த அம்மா எங்கே நின்றிருந்தாரோ அங்கே நானும் நின்றேன்.

"அந்தம்மாவைக் கூப்பிடுங்க. என் எதிர்ல அளக்கட்டும்" என்றார்.

அவரைக் கூப்பிட்டேன். "அம்மா, அன்றைக்கு மாதிரி இல்லாமல், தினமும் உலைக்கு அளக்கிற மாதிரி குவித்து அளங்கள்" என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். பிறகு படியை நிரப்பி, முன்பைவிட இரண்டு மடங்கு கவனத்தோடு, விளிம்புக்கு ஒரு நூல் கீழேயே இருக்கும்படி வழித்தார்.

"அம்மா, குவித்து அளங்கள் என்கிறேன்."

"எதுக்கு? நான் குவிக்கணும், அவுரு 'பாரு, எவ்ளோ அள்றா'ன்னு சொல்லணும், அதானே? எனக்கு தெரியும் ஸார். நான் இப்படித்தான் அளக்கறது. எப்பவும் இப்படித்தான்."

தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன்னையே மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். மேனேஜர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. அந்த அம்மா போன பிறகு சொன்னேன்: "சார், ஒரே ஒரு நாள். நாளைக்குக் காலை ஒரு மூட்டையை நீங்களே எடை போடுங்கள். பழையபடி படியைக் கொண்டுவந்து அவரே அளந்து எடுத்துக்கொள்ளட்டும். நான் அங்கே இருக்க மாட்டேன், யாரும் இருக்க வேண்டாம். மீதி மூட்டையைத் திரும்ப எடை போடுவோம்."

சம்மதித்தார். என்மேலும் ஒரு கண் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சம்மதித்தார் என்று நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மூட்டை எழுபத்தைந்து கிலோ. மேனேஜர் தன் கையால் எழுதிக்கொண்டார். "இன்றைக்குத் தராசு பழுது, நீங்களே அளந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சமையல்கார அம்மாவிடம் சொல்லிவிட்டு நான் கேட் வரைக்கும் நடந்தேன். அவர் போன பிறகு மூட்டையைத் தராசில் ஏற்றினோம். இருபத்தெட்டு கிலோ இருநூறு. எடுத்தது நாற்பத்தாறு கிலோ எண்ணூறு. முப்பதால் வகுத்தால் படிக்கு ஆயிரத்து ஐந்நூற்று அறுபது.

அன்று கடைசிப் பந்தி வரை சோறு இருந்தது. ஃபிட்டர் இரண்டாம் முறை தட்டை நீட்டி, "யக்கா, லாபம் வந்திட்ச்சி போல" என்றார். அந்த அம்மா அவர் தட்டில் போட்டார். மேனேஜர் தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "டேபிளை மாத்திடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வேலையை விட்டு நிறுத்துகிற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

புதிய பட்டியலை எழுதினேன். ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு கட்டம்: குவித்தது, தலை தட்டியது. பருப்பையும் மற்றதையும் அதே முறையில், பாத்திரத்தை அவர் அளந்து எடுப்பதற்கு முன்னும் பின்னும் எடை போட்டுக் கண்டுபிடித்தேன். ஆட்களைப் பார்க்காமல் பொருளை மட்டும் பார்க்கிற முறை அதுதான் என்று எனக்குப் பட்டது. பிற்பாடு, எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேறொரு ஆலைக்கு மாறிப் போனபோது அங்கேயும் அப்படித்தான் செய்தேன்.

பழைய பட்டியலைக் கிழித்துப் புதியதை ஒட்டும்போது சமையல்கார அம்மா ஸ்டோர் வாசலில் வந்து நின்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அந்த வழியாகப் போன ஃபிட்டரைக் கூப்பிட்டு, "இன்னா எழுதிக்கிறாரு, படி" என்றார். ஃபிட்டர் படித்தார்: "அரிசி, குவித்தது, ஒரு கிலோ ஐந்நூற்று அறுபது."

"குவிச்சதுன்னா எழுதிக்குது?"

"ஆமா யக்கா, கொட்ட எழுத்துல."

 தராசு பழுதாகவில்லை என்பது அந்த அம்மாவுக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும். நான் எழுந்து, "அம்மா, அன்றைக்கு..." என்று ஆரம்பித்தேன். "அரிசி எட போடு ஸார், உல கொதிக்குது" என்றார்.

நாற்பத்தாறு கிலோ எண்ணூறு எடை போட்டேன். அவர் அதை எடுத்துக்கொண்டு போகவில்லை. தரையில் ஒரு சாக்கை விரித்து, தன் படியை எடுத்து, அத்தனை அரிசியையும் என் கண்ணெதிரே மறுபடி அளந்தார். இந்த முறை வழிக்கவில்லை. ஒவ்வொரு படியும் கோபுரம் கட்டி, சரிந்து, உதிர்ந்து. "லாபம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "ரெண்டு. மூணு." முப்பது வரைக்கும் எண்ணினார். முப்பதாவது படி விளிம்போடு நின்றது, குவியவில்லை. படியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் போட்டேன். போதவில்லை. இன்னும் ஒன்று போட்டேன். மேலே கூம்பு எழுந்து ஒரு பக்கம் சரிந்த பிறகுதான் தூக்கினார்.

அந்தத் தொழிற்சாலையில் நான் இருந்த மற்ற வருஷங்களில் ஒரு நாள்கூட அவர் என் தராசை நம்பவில்லை. தினமும் காலை எட்டேகாலுக்கு வந்து, எடை போட்டதை அளந்து பார்த்துவிட்டுத்தான் எடுத்துப் போனார். நோட்டை மூடி வைத்துவிட்டு, அவர் முப்பது எண்ணி முடிக்கும்வரை நான் எதிரே நிற்பேன்.